இண்டர்வியூவும் ராகு காலமும்

நமக்குத் தெரிந்த ஒரு பிள்ளை. தகப்பனார் இரண்டு விசைத்தறி வைத்துக் கூலிக்கு நெய்கின்றவர். பிள்ளை இன்ஜினீயரிங் படித்து நல்ல மார்க்குடன் தேறினவன். அவனுக்கு ஒரு பெரிய கம்பெனியிலிருந்து, வெள்ளிக்கிழமை காலை 11 மணிக்கு இண்டர்வியூவுக்கு நேரில் வரவேண்டும் என்று உத்தரவு வந்தது. வீட்டார் முதலில் செய்த காரியம் என்ன தெரியுமா? பஞ்சாங்கத்தைப் புரட்டினார்கள். வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு வரை ராகு காலம். உடனே ஜோசியனிடம் ஓடினார்கள். அவன் 500 ரூபாய் வாங்கிக்கொண்டு, ராகு காலம் பிறப்பதற்கு முன்னாலேயே கம்பெனி வாசலை மிதித்துவிட்டால் தோஷமில்லை என்று பரிகாரம் சொன்னான். பிள்ளை 9 மணிக்கே போய் வாசலை மிதித்தான். காவற்காரன் உள்ளே விடவில்லை. இரண்டு மணி நேரம் வெயிலில் நின்று, சட்டை நனைந்து, நாக்கு உலர்ந்து, 11 மணிக்கு உள்ளே போனான். சட்டைப் பையில் விபூதிப் பொட்டலம், இடுப்பில் தாயத்து, மணிக்கட்டில் மந்திரித்த கயிறு. “உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்” என்று கேட்டார்களாம். பெயரைச் சொன்னான். ஊரைச் சொன்னான். அதற்குமேல் வாய் எழவில்லையாம். ஐந்து நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டான்.

இப்பொழுது அந்த வீட்டில் என்ன பேச்சென்றால், சனி பார்வை சரியில்லை என்பதுதான். நாம் கேட்கின்றோம்: மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த மூன்று பேரும் அதே ராகு காலத்தில்தானே உட்கார்ந்திருந்தார்கள்? அன்றைய சம்பளம் அவர்களுக்கு வராமற் போயிற்றா? அதே ராகு காலத்தில் அதே நாற்காலியில் உட்கார்ந்து பேசி, வேலையை வாங்கிக்கொண்டு போன இன்னொரு பிள்ளையை ராகு பார்க்கத் தவறிவிட்டானா? இந்தக் குடும்பம் கடிதம் வந்த நாள் முதல் மூன்று வாரம் கோயிலுக்கும் ஜோசியனுக்குமாக அலைந்திருக்கின்றது. “உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்” என்பது எந்த இண்டர்வியூவிலும் முதலில் வருகின்ற கேள்வி என்று ஊரெல்லாம் தெரியும். அந்த ஒரு கேள்விக்கு வீட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பதில் சொல்லிப் பழகினார்களா என்றால், இல்லை. எண் ஜோசியக்காரன் பேச்சைக் கேட்டுப் பெயரில் ஒரு எழுத்தைக் கூட்டிப் போட்டுக்கொண்டு, அப்புறம் சர்ட்டிபிகேட்டில் ஒரு பெயரும் மனுவில் ஒரு பெயருமாக இருப்பதற்குப் பதில் சொல்ல முடியாமல் விழிக்கின்ற பிள்ளைகளையும் பார்த்திருக்கின்றோம்.

நிற்க, இந்தப் பஞ்சாங்கக் கூட்டத்தை விட்டால் நம்மவர்களில் வேறொரு கூட்டம் உண்டு. அவர்கள் பகுத்தறிவு பேசுகின்றவர்கள். நமது பத்திரிகையையும் படிக்கின்றவர்கள். “இண்டர்வியூ என்பதெல்லாம் வேஷம், முன்னாலேயே சிபாரிசும் ஜாதியும் பார்த்து ஆளை முடிவு செய்துவிடுகின்றார்கள், நாம் பழகி என்ன, பழகாமல் என்ன?” என்பது இவர்கள் வாதம். இதிலே பாதி உண்மை. அந்தப் பாதியை நாம் மறைக்கப் போவதில்லை.

தோரட், அட்வெல் என்கின்ற இரு ஆராய்ச்சிக்காரர்கள் 66 வாரம் ஆங்கிலப் பத்திரிகைகளில் வந்த 548 வேலை விளம்பரங்களுக்கு 4,808 மனுக்களை அனுப்பிப் பார்த்து, 2007-இல் முடிவை வெளியிட்டார்கள். படிப்பும் யோக்கியதையும் ஒன்றுபோலவே எழுதி, பெயரை மட்டும் மேல்ஜாதிப் பெயராகவும், தாழ்த்தப்பட்டவர் பெயராகவும், முஸ்லிம் பெயராகவும் மாற்றினார்கள். அழைப்பு வருகின்ற வாய்ப்பு மேல்ஜாதிப் பெயருக்கு ஒன்று என்றால், தாழ்த்தப்பட்டவர் பெயருக்கு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு; முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. முகத்தைப் பார்க்கவில்லை, பேச்சைக் கேட்கவில்லை. பெயரைப் பார்த்த மாத்திரத்திலேயே இவ்வளவு. 1929-இல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாட்டில், பெயருக்குப் பின்னால் ஜாதிப் பட்டம் போடாதே என்று தீர்மானம் செய்தபோது நம்மைப் பார்த்துச் சிரித்தவர்கள் இதைப் படிக்க வேண்டும். அதே 2007-இல் ஜோத்கா, நியூமன் என்கின்ற இருவர் டில்லிப் பக்கத்துக் கம்பெனிகளில் ஆள் எடுக்கின்ற அதிகாரிகளைக் கண்டு பேசினார்கள். ஜாதி பார்க்கின்றீர்களா என்றால், “சேச்சே, திறமைதான்” என்றார்களாம். ஆனால் குடும்பப் பின்னணியைக் கேட்பீர்களா என்றால், ஏறக்குறைய எல்லோரும் “கட்டாயம் கேட்போம்” என்றார்களாம். தகப்பன் என்ன செய்கின்றான், தாய் படித்தவளா, எந்த ஊர், எந்தத் தெரு! ஜாதியை முன்வாசலில் விரட்டிவிட்டுக் கொல்லைப்புறமாகக் கூப்பிட்டு உட்கார வைப்பது என்பது இதுதான்.

இது புதிய சங்கதியும் அல்ல. சென்னை மாகாணத்தில் 1912-இல் 100-க்கு 3 பேராக இருந்த பார்ப்பனர்கள், டிப்டி கலெக்டர்களில் 100-க்கு 55 பேராகவும், சப்ஜட்ஜுகளில் 83 பேராகவும், ஜில்லா முன்சீப்புகளில் 72 பேருக்கு மேலாகவும் இருந்தார்கள். அதற்கும் ‘திறமை’ என்றுதான் பெயர் வைத்திருந்தார்கள். 1921-இல் பிறந்து, பின்னர் முத்தையா முதலியார் காலத்தில் நடைமுறைக்கு வந்த வகுப்புவாரி உத்தரவு இல்லாதிருந்தால் அந்தத் ‘திறமை’ இன்றளவும் அப்படியே உட்கார்ந்திருக்கும். சர்க்கார் வேலைக்காவது அந்த உத்தரவின் வழி வந்த இட ஒதுக்கீடு இருக்கின்றது. தனியார் கம்பெனிக்கு அதுவும் கிடையாது. இன்று நமது பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் போய் நிற்பது தனியார் கம்பெனி வாசலில்தான்.

இதெல்லாம் உண்மையாயிருக்க, பழகாமல் இரு என்பது எப்படி நியாயமாகும்? எதிராளி தராசில் கல்லை மாற்றி வைத்திருக்கின்றான் என்று தெரிந்தால், நமது சரக்கையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவதா? கல்லை மாற்றச் சண்டை போடுவது ஒரு வேலை. சரக்கைக் கொண்டுபோவது இன்னொரு வேலை. முதல் வேலையைச் சாக்காக வைத்து இரண்டாவதைச் செய்யாமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கின்றவனுக்கும், ராகு காலம் பார்க்கின்றவனுக்கும் என்ன வித்தியாசம் என்று நமக்கு விளங்கவில்லை. ஒருவன் கிரகத்தின் மேல் போடுகின்றான். மற்றவன் ஜாதியின் மேல் போடுகின்றான். இருவரும் வாயைத் திறந்து பழகவில்லை.

இந்த வாய் திறக்கின்ற சங்கதியைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். இண்டர்வியூவில் தோற்ற நமது பிள்ளைகளுக்கு எழுதப்படுகின்ற குறிப்பு பெரும்பாலும் என்ன? “தன்னம்பிக்கை போதாது”, “நேருக்கு நேர் பார்த்துப் பேசவில்லை”, “குரல் எழும்பவில்லை” என்பவைதான். தோழர்களே! இந்தப் பிள்ளையின் பாட்டனுக்கு இந்தச் சமூகம் கற்றுக் கொடுத்த பாடம் என்ன? தோளில் கிடக்கின்ற துண்டை எடுத்து இடுப்பில் கட்டு, செருப்பைக் கையில் எடு, கையைக் கட்டு, வாயைப் பொத்து, கேட்டாலன்றிப் பேசாதே, நிமிர்ந்து பார்க்காதே. நிமிர்ந்து பார்த்தவனுக்குத் திமிர் பிடித்தவன் என்று பெயர். அவனுக்கு மரத்தில் கட்டி உதை. தகப்பனும் அதைப் பார்த்தே வளர்ந்தான். தலைமுறை தலைமுறையாகக் கண்ணைத் தாழ்த்தக் கற்பித்த அதே சமூகம், இன்று மேஜை போட்டு உட்கார்ந்துகொண்டு, “ஏன் கண்ணைத் தாழ்த்துகின்றாய்?” என்று கேட்டு மார்க்கைக் குறைக்கின்றது. அடித்தவனே நொண்டி என்று கேலி செய்வது போல இல்லையா இது?

அப்புறம், தங்குதடையில்லாமல் பேசுகின்ற அந்த மற்றப் பிள்ளை வயிற்றிலேயே கற்றுக்கொண்டு பிறந்தானா? இல்லை. அவன் வீட்டுக்குத் தகப்பனுடைய ஆபீஸ் சிநேகிதர் வருவார். “இங்கே வா, மாமாவுக்கு வணக்கம் சொல்லு, என்ன படிக்கின்றாய் சொல்லு” என்பார்கள். ஐந்து வயதில் பாட்டு, எட்டு வயதில் ஆங்கிலத்தில் ஒரு கதை, பன்னிரண்டு வயதில் பெரியவர்களோடு வாதம். பத்து வருஷ காலம் அவன் வாரந்தோறும் இண்டர்வியூ கொடுத்துக்கொண்டே வளர்ந்திருக்கின்றான். அதற்குப் பயிற்சி என்று பெயர் வைக்காததால் ‘பிறவித் திறமை’ ஆகிவிட்டது. நம் வீட்டில் யாராவது பெரிய மனிதன் வந்தால் என்ன சொல்கின்றோம்? “பெரியவங்க பேசும்போது இங்கே என்ன வேலை? உள்ளே போ!” பெண் பிள்ளையானால் அடுப்படியை விட்டு வெளியே தலை காட்டவே கூடாது. ஆகவே இது ரத்தத்தில் இருப்பதல்ல, பழக்கத்தில் இருப்பது. பழக்கத்தில் இருப்பதைப் பழகினால் வரும்.

வெள்ளைக்காரன் காலத்து ஐ.சி.எஸ். பரீட்சையில், எழுத்தில் தேறினவர்களும் குதிரை ஏறிக் காட்டவேண்டும் என்று ஒரு விதி இருந்தது. அரவிந்த கோஷ் எழுத்துப் பரீட்சையில் தேறியும், குதிரைப் பரீட்சைக்குப் போகாததால் 1892-இல் தள்ளப்பட்டார். அதற்காவது ஒரு நியாயம் உண்டு. கலெக்டர் குதிரையில் ஊர் சுற்றிய காலம் அது. இன்று மிஷினைப் பார்க்கின்ற வேலைக்கும், கணக்கு எழுதுகின்ற வேலைக்கும் கான்வென்ட் ஆங்கிலம் என்கின்ற குதிரையைக் கொண்டுவந்து நிறுத்துகின்றார்களே, அதற்கு என்ன நியாயம்? ஆயினும் குதிரை அங்கே நிற்கின்றது. ஏறிப் பழகிவிட்டு அப்புறம் குதிரையை ஒழிக்கச் சொல்வோம். ஏறத் தெரியாதவன் ஒழிக்கச் சொன்னால் பயந்து சொல்கின்றான் என்பார்கள்.

எங்கள் ஊர் வாசகசாலையில் சில மாதங்களாக ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஒரு மேஜையும் நான்கு நாற்காலியும் போட்டு, தோழர்கள் மூன்று பேர் கேட்பது, ஒரு பிள்ளை பதில் சொல்வது, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து குற்றம் குறை சொல்வது என்று நடத்தி வருகின்றோம். ஒருவர் பாங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், ஒருவர் பள்ளிக்கூட வாத்தியார், மூன்றாமவர் மில்லில் பிட்டர். முதல் நாள் எட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். எட்டுப் பேரும், “நான் கடின உழைப்பாளி, சீக்கிரம் கற்றுக்கொள்பவன், எனது பலவீனம் அதிகமாக உழைப்பது” என்று ஒரே வாக்கியத்தை ஒப்பித்தார்கள். விசாரித்ததில், ஆயிரக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு ஏதோ ஒரு பயிற்சிக் கடையில் அச்சடித்துக் கொடுத்த மந்திரமாம் அது. அர்த்தம் தெரியாமல் சொன்னாலும் பலன் உண்டு என்று புரோகிதன் சொல்வான். இவன் அதற்கு டை கட்டிக்கொண்டிருக்கின்றான், அவ்வளவுதான். கைகுலுக்கும்போது எவ்வளவு அழுத்தவேண்டும், எந்த நிறத்தில் சட்டை போடவேண்டும் என்றெல்லாம் அங்கே பாடமாம். சுத்தமான சட்டையாயிருந்தால் போதாதா?

மேலே சொன்ன தறிக்காரர் மகனும் அங்கே வந்தான். “இதுவரை என்ன வேலை செய்திருக்கின்றாய்?” என்று பிட்டர் தோழர் கேட்டார். “ஒரு வேலையும் செய்ததில்லை ஐயா” என்றான். “அப்பாவுக்குத் தறியில் ஒத்தாசை செய்வதில்லையா?” என்றார். “அது பன்னிரண்டு வயதிலிருந்து செய்கின்றேன்” என்றான். “அப்படியானால் வேலை செய்ததில்லை என்றாயே?” என்றதற்கு அவன் சொன்னான்: “அதுவும் வேலையா ஐயா?”

அந்தப் பதிலைக் கேட்டு நமக்குச் சிறிது நேரம் பேச வரவில்லை. கையால் செய்வது வேலையல்ல, கீழானது. உட்கார்ந்து எழுதுவதே வேலை என்கின்ற மனுதர்மப் புத்தி, நெய்கின்றவன் மகனுடைய வாயிலிருந்தே வருகின்றது பாருங்கள்! தோண்டித் தோண்டிக் கேட்டதில் விஷயம் வந்தது. இரண்டு வருஷத்திற்கு முன் கோடையில் அவர்கள் தறியில் பாவு நூல் அடிக்கடி அறுந்திருக்கின்றது. நூல் மட்டம் என்று தகப்பனார் நூல்காரனோடு சண்டைக்குப் போனார். இவன் ஒரு நோட்டில் எந்த மணிக்கு எத்தனை இழை அறுகின்றது என்று பத்து நாள் குறித்தான். காலையில் குறைவு, பிற்பகலில் மிக அதிகம். பருத்தி நூல் காற்றில் ஈரம் இருந்தால் வலுவாயிருக்கும், உலர்ந்தால் அறும் என்று கல்லூரியில் படித்தது நினைவுக்கு வந்தது. கொட்டகையில் ஈரச்சாக்குத் தொங்கவிட்டு, தரையில் தண்ணீர் தெளித்தான். அறுபடுவது பாதிக்கும் கீழே இறங்கிற்று. பிட்டர் தோழர் மேஜையைத் தட்டி, “இதை விட்டுவிட்டுக் கடின உழைப்பாளி என்கின்றாயே! எந்த இன்ஜினீயர் இதைக் கேட்டு மேலே கேள்வி கேட்காமல் இருப்பான்?” என்றார்.

என்ன கஷ்டம் வந்தது, நீ என்ன செய்தாய், அதனால் என்ன ஆயிற்று என்கின்ற மூன்றையும் இரண்டு நிமிஷத்தில், முதலில் தமிழில், பிறகு சிறிய சிறிய ஆங்கில வாக்கியத்தில் சொல்லச் சொன்னோம். முதல் வாரம் உளறினான். நான்காவது வாரம் நிமிர்ந்து சொன்னான். ஆங்கிலம் தெரியாததால் வந்த திக்கலில் பாதி, சொல்ல ஒன்றுமில்லை என்று நினைத்ததால் வந்த திக்கலே என்று அப்பொழுதுதான் தெரிந்தது. சொல்லச் சரக்கு இருந்தால் பாஷை பின்னாலேயே நடந்து வருகின்றது.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும் பழக வேண்டியிருக்கின்றது. நமது பிள்ளைகள் தெரியாது என்பதை ஏதோ கொலைக்குற்றத்தை ஒப்புக்கொள்வது போலச் சொல்லித் தலையைத் தொங்கப் போடுகின்றார்கள், அல்லது எதையாவது புளுகி மாட்டிக்கொள்கின்றார்கள். சம்பளம் எவ்வளவு வேண்டும் என்று கேட்டால், “தாங்களாகப் பார்த்துக் கொடுப்பது” என்கின்றார்கள். இது களத்து மேட்டில் படி நெல்லுக்குக் கையேந்தி நின்றவனுடைய பேச்சு. வேலை என்பது தர்மம் போடுவதல்ல. உன் உழைப்பு அவனுக்கு வேண்டும், அவன் பணம் உனக்கு வேண்டும். இது ஒரு வியாபாரம். அந்த வேலைக்கு அந்த ஊரில் என்ன கொடுக்கின்றார்கள் என்று நாலு பேரிடம் முன்கூட்டி விசாரித்து, ஒரு தொகையைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

பெண்களைக் கேட்கின்ற கேள்விகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். “கலியாணம் எப்போது?”, “கலியாணமானால் வேலையை விட்டுவிடுவீர்களா?”, “வீட்டுக்காரர் சம்மதிப்பாரா?” எந்த ஆண்பிள்ளையையாவது, உன் பெண்சாதி சம்மதிப்பாளா என்று கேட்டதுண்டா? எங்கள் மேஜையில் இந்தக் கேள்வியை வேண்டுமென்றே கேட்டுப் பழக்குகின்றோம். முதலில் பெண்கள் வெட்கப்பட்டுச் சிரித்தார்கள். இப்பொழுது ஒரு பெண், “ராத்திரி முறை உண்டா, வெளியூர் போகவேண்டுமா என்பதைச் சொல்லுங்கள் ஐயா, அதற்கு நான் சம்மதமா இல்லையா என்று சொல்லுகின்றேன். கலியாணம் என் சொந்தச் சங்கதி” என்று சிரித்த முகத்துடனேயே சொல்லுகின்றாள். வாத்தியார் தோழருக்கு அடுத்த கேள்வி மறந்துவிட்டது.

இனிக் கேட்கின்றவர்களுடைய யோக்கியதைக்கு வருவோம். 1970-71-இல் நமது மாகாண மருத்துவக் கல்லூரிச் சேர்க்கை பற்றிச் சுப்ரீம் கோர்ட்டில் ஒரு வழக்கு நடந்தது. 275 மார்க்கில் 75 இண்டர்வியூவுக்கு. ஆளுக்குச் சராசரி மூன்று நிமிஷங்கூட இல்லை. இது அதிகமாகத் தோன்றுகின்றது என்று கோர்ட்டு சொல்லிற்று. அன்று ஆண்டவர்கள் நம்மவர்கள் என்பதற்காக இதை நாம் மூடி மறைக்க வேண்டியதில்லை. 1980-இல் சிறீநகர் இன்ஜினீயரிங் கல்லூரி வழக்கில், 150-இல் 50 இண்டர்வியூவுக்கு ஒதுக்கி, இரண்டு மூன்று நிமிஷத்தில் தகப்பனார் யார், வீடு எங்கே என்று கேட்டு அனுப்பினார்கள் என்று புகார். 100-க்கு 15-க்கு மேல் வைப்பது கூடாது என்றும், இண்டர்வியூவை ஒலிப்பதிவு செய்வது நல்லது என்றும் கோர்ட்டு சொல்லிற்று. இவை கல்லூரிச் சேர்க்கை வழக்குகள். உத்தியோகத்திற்கு, 1985-இல் அரியானா சர்வீஸ் கமிஷன் வழக்கில் 100-க்கு 12.2 போதும் என்று சொல்லப்பட்டது. 2016 ஜனவரி முதல் மத்திய சர்க்காரே கீழ்மட்ட உத்தியோகங்களுக்கு இண்டர்வியூவை எடுத்துவிட்டது. இண்டர்வியூ இல்லாவிட்டால் திறமை செத்துப்போகும் என்று கூச்சலிட்டவர்கள் இன்று எங்கே? ரயிலும் தபாலும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

இவ்வளவும் சர்க்காரைப் பொறுத்தது. கம்பெனி அறைக்குள் நடப்பதைக் கேட்க நாதியில்லை. எல்லோருக்கும் ஒரே கேள்வி, வேலையைப் பற்றிய கேள்வி, பதில் வந்தவுடன் ஒவ்வொருவரும் தனித்தனியே மார்க் எழுதி வைப்பது என்று ஒழுங்காக நடத்துகின்ற இண்டர்வியூவே, மனம் போனபடி அளவளாவுவதை விட நல்ல வேலையாளைக் கண்டுபிடிக்கின்றது என்று, பல வருஷத்து ஆராய்ச்சிகளைத் திரட்டி 2022-இல் வெளிவந்த கணக்கும் சொல்லுகின்றது. முதலாளிக்கும் இது லாபந்தான். அப்படியிருந்தும், “பார்த்தவுடனே ஆளைச் சொல்லிவிடுவேன்” என்று மார்தட்டுகின்ற அதிகாரிகள் இருக்கின்றார்கள். முகத்தைப் பார்த்து மனிதனைச் சொல்லுவது சாமுத்திரிகா லட்சணக்காரன் தொழில் அல்லவா? அவனை நாம் நடைபாதையில் பார்த்தால் கேலி செய்கின்றோம், ஏ.சி. அறையில் பார்த்தால் கைகட்டி நிற்கின்றோம். தகப்பன் தொழிலைக் கேட்கக்கூடாது, மார்க்கையும் காரணத்தையும் எழுதி வைக்கவேண்டும், கேட்டவனுக்குக் காட்ட வேண்டும் என்று தனியார் கம்பெனிகளுக்கும் சட்டம் வேண்டும். தொழிற்சங்கத் தோழர்கள் போனஸ் கேட்கும்போது இதையும் சேர்த்துக் கேட்டால் என்ன?

அந்தத் தறிக்காரர் மகனுக்குப் போன வாரம் வேறொரு கம்பெனியிலிருந்து உத்தரவு வந்தது. திங்கட்கிழமை காலை எட்டரை மணி. தாயார் பஞ்சாங்கத்தை எடுத்து, “ஏழரையிலிருந்து ஒன்பது வரைக்கும் ராகு காலமாச்சே, கண்ணு” என்றாராம். “அந்த மில்லிலே எட்டு மணிக்குச் சங்கு ஊதி நானூறு பேர் உள்ளே போறாங்கம்மா” என்று சொல்லிவிட்டுப் போனானாம். தாயத்து இடுப்பில் இருந்ததா என்று நாம் கேட்கவில்லை. அறையில் இருபத்தைந்து நிமிஷம் இருந்திருக்கின்றான். நூல் அறுந்த கதையை மட்டும் பத்து நிமிஷம் குறுக்குக் கேள்வி போட்டார்களாம். உத்தரவு இன்னும் வரவில்லை.

வாசகசாலைக்கு இப்பொழுது ஞாயிறுதோறும் முப்பது பேருக்குமேல் வருகின்றார்கள். பெண்களும் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளைகளும் அதிகம். ஒரு மேஜை போதவில்லை. இரண்டாவது மேஜைக்குக் கேள்வி கேட்க ஆள் வேண்டும். உத்தியோகத்தில் இருந்தவர்கள், தொழில் தெரிந்தவர்கள், ஆங்கிலம் பேசத் தெரிந்தவர்கள் மாலை ஐந்து மணிக்கு வந்தால் நல்லது. ஞாயிற்றுக்கிழமை நாலரை முதல் ஆறு வரை ராகு காலம் என்று வாத்தியார் தோழர் சொல்லுகின்றார்.